திருப்பயணம் தொட்ட ஊர்களும் தொடாத ஊர்களும்



சங்ககிரியில் வாழ்கிறவனுக்கு வழிகளைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் லாரிகளின் ஊர். இங்கிருந்து புறப்படும் வண்டி எந்த மாநிலத்துக்குப் போகும், எந்த ஊரில் நிற்கும், எந்த ஊரை நில்லாமல் கடந்து போகும் என்பதெல்லாம் இங்கே சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. வண்டி நிற்கிற ஊருக்கு ஒரு மதிப்பு. நில்லாத ஊருக்கு வேறு மதிப்பு. பெரியோர் மேற்கொள்ளும் பயணத்துக்கும் இது பொருந்தும். உரோமாபுரியில் இருக்கும் போப்பாண்டவர் தமிழ் மண்ணுக்கு வந்தபோது எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். அவர் வாராத நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அந்தப் பயணங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பலரும் நினைத்துப் பாராத தொடர்பு.

போப்பாண்டவர் ஊர் ஊராகச் செல்வது பழைய வழக்கமன்று. ஏழாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவரை நெப்போலியன் சிறைபிடித்துப் பிரான்சு நாட்டுக்குக் கொண்டுசென்றான். 1814இல் அவர் விடுதலை பெற்று உரோமாபுரிக்குத் திரும்பினார். அதற்குப் பின் 150 ஆண்டுக் காலம் எந்தப் போப்பாண்டவரும் இத்தாலிய மண்ணைத் தாண்டியதில்லை. அதிலும் 1870 முதல் 1929 வரை இருந்தவர்கள் வத்திக்கான் மதிலுக்கு வெளியே கூட வரவில்லை. மக்கள்தாம் அவரைத் தேடிச் சென்றனர். அந்த வழக்கத்தை மாற்றியவர் ஆறாம் சின்னப்பர். அவர் 1964 சனவரியில் இயேசுநாதர் பிறந்த நாட்டுக்கு விமானமேறிச் சென்றார். அதே ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் பம்பாயில் வந்து இறங்கினார். அங்கே நடந்த உலக நற்கருணை மாநாட்டுக்காக வந்த பயணம் அது.

பம்பாயில் அவர் பிற சமயத் தலைவர்களிடையே பேசும்போது, பொய்ம்மையினின்று மெய்ம்மைக்கு அழைத்துச் செல் என வேண்டும் உபநிடத மந்திரத்தை எடுத்து மொழிந்தார். அந்த மந்திரத்தைப் போப்பாண்டவர் வாயால் கேட்போம் என்று அங்கிருந்தவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்! தமக்குப் பயன்பட்ட பெரிய மோட்டார் வண்டியைக் கல்கத்தாவின் அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னையார் அதில் ஏறவில்லை. பரிசுச் சீட்டுக் குலுக்கி, வந்த பணத்தைத் தொழுநோயாளருக்காகச் செலவிட்டார். விருந்தாளி விட்டுச்சென்ற பொருளை என்ன செய்வது என்பதில் அந்த அம்மையாருக்கு ஐயமே இருந்ததில்லை போலும்.

அதன் பின் இந்தியாவுக்கு 1986இலும் 1999இலும், இலங்கைக்கு 1970, 1995, 2015 ஆகிய ஆண்டுகளிலும் போப்பாண்டவர்கள் வந்தனர். இத்தனை பயணங்களிலும் தமிழர் வாழும் மண்ணில் அவர்களுடைய காலடி பட்டது இரண்டே இடங்களில்: ஒன்று சென்னை, மற்றொன்று ஈழத்து வன்னிக் காட்டில் உள்ள மடு. கடலோரத்து வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் எத்தனை இலட்சம் மக்கள் கூடுகின்றனர்! நம் லாரிகளின் நெற்றியில் முருகன் பெயருக்கு அடுத்தபடி வேளாங்கண்ணி மாதாவின் பெயரைக் காண்கிறோம். அத்திருத்தலத்தை 1962இல் போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் அருளப்பர் பசிலிக்கா என்ற நிலைக்கு உயர்த்தினார். ஆயினும் போப்பாண்டவர் எவரும் அங்கே வந்ததில்லை. ஆகவே, கூட்டம் மிகுந்த இடம் என்ற ஒன்றை மட்டும் கருதி இப்பயணங்கள் வகுக்கப்படவில்லை என்று தெரிகிறது.

பின் எதைக் கருதி வகுத்தனர்? இதை விளக்குவதற்கு முன் உங்களை 400 ஆண்டு பின்னால் அழைத்துச் செல்ல வேண்டும். தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. நாமக்கல்லை அடுத்து, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம் வரை வந்தால் போதும்.

1623ஆம் ஆண்டு மதுரையிலிருந்து ஒரு துறவி வடக்கு நோக்கி நடந்தார். காவி உடுத்தவர், மரக்கறி உணவினர், நெற்றியில் சந்தனம் அணிந்தவர், வடமொழியும் தமிழும் தெலுங்கும் கற்றவர். தம்மைத் தத்துவ போதகர் என்று அழைத்துக்கொண்டார். அவர் பிறந்தது இத்தாலி நாட்டில். இயற்பெயர் ராபர்ட் டி நொபிலி. போப்பாண்டவர் குடும்பத்தோடு உறவு கொண்டாடிய பிரபுக் குலத்தில் தோன்றிய இவர், இயேசு சபையிற் சேர்ந்து 1605இல் கோவாவிலும் 1606இல் மதுரையிலும் வந்து சேர்ந்தார். கிறித்துவனாவதென்றால் பறங்கியாவது என்று மக்கள் எண்ணியிருந்த காலம் அது. பறங்கியின் உடையும் உணவும் பழக்கமும் சமயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தனியே பிரித்துக் கழற்றி வைத்துவிட முடியும் என்று இவர் கருதினார். வெறுங்கருத்தாக அதை விட்டுவிடாமல் தாமே அப்படி வாழ்ந்து காட்டினார்.

உடன் இருந்தோரே அவரை எதிர்த்தனர். பூணூலும் குடுமியும் சந்தனமும் புறச்சமயச் சின்னங்கள் என்று கோவாவில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உரோமாபுரிக்குச் சென்றது. ஆண்டுகள் பல கழிந்தன. முடிவில் 1623 சனவரி 31ஆம் நாள் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் தம் ஆணையை வெளியிட்டார். இந்த அடையாளங்கள் குலத்தையும் சமூக நிலையையும் காட்டுவன. சமய வழிபாட்டின் பகுதியாகக் கொள்ளாதவரை இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. அந்தக் காலத்துப் போர்த்துக்கீசக் கப்பல்கள் பருவக் காற்றை எதிர்பார்த்துக் காத்திருந்து வருவன. சனவரியில் எழுதிய கடிதம் மதுரையை எட்ட மாதங்கள் பல ஆகும். தத்துவ போதகர் அதற்காகக் காத்துக்கொண்டு மதுரையில் உட்கார்ந்திருக்கவில்லை. அவ்வாண்டிலேயே திருச்சிராப்பள்ளி வழியாக நம் பக்கம் வந்துவிட்டார்.

சேந்தமங்கலத்தில் அப்போது இராமச்சந்திர நாயக்கர் ஆட்சி செய்தார். மதுரை நாயக்கருக்குட்பட்ட சிற்றரசர் அவர். துறவியை மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து மோரமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தபோது நிலைமை வேறாயிற்று. தங்க இடம் கொடுப்பாரில்லை. பொதுச் சாவடியில், நோயோடும் கொசுக்கடியோடும் பல நாள் கிடந்தார் என்று வரலாறு கூறுகிறது. சேலத்தில் இன்று குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது. 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் அந்தச் சாவடி எங்கே இருந்தது என்று காட்ட ஒரு கல் கூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சேந்தமங்கலத்துக்குப் போயிருந்தேன். கொல்லிமலையின் நிழல் ஊர்மேல் விழும் மாலை வேளை. பெருமாள் கோயிலைக் கண்டேன். தத்தாத்திரேயர் குன்றையும் கண்டேன். தத்துவ போதகரைப் பற்றிக் கேட்டேன். கடைத்தெருவில் இருந்த ஒரு பெரியவர் சிறிது யோசித்து, “அந்தப் பேரிலே இங்கே வாத்தியார் யாரும் இருந்ததாகத் தெரியவில்லையே, ஐயா!” என்றார். நான் சிரித்துக்கொண்டேன். போதகர் என்பதை அவர் வாத்தியார் என்று பொருள் கொண்டது தவறென்று சொல்ல முடியுமா?

மண்ணில் அடையாளம் இல்லையென்றாலும் மொழியில் உண்டு. கோயில், பூசை, அருள் முதலிய நம் சொற்களைக் கிறித்துவ வழிபாட்டுக்கு எடுத்து வழங்கியவர்களுள் தலையானவர் இவர். தமிழில் உரைநடை மிக அருகியிருந்த காலத்தில், ஞானோபதேச காண்டம் முதலிய பெரிய உரைநடை நூல்களை எழுதினார். இன்று வானொலியில் நான் உரைநடையில் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். அந்த உரைநடைக்குத் தொடக்கக் காலத்தில் உழைத்தவர்களுள் ஒருவர், சேலத்தில் இடமின்றிச் சாவடியிற் கிடந்தவர். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் என்று உலகம் சொன்னவரை இரண்டாம் அருள் சின்னப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைத்தனரே, அந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

அவருடைய முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உயர்ந்த குலத்தார் எனப்பட்டோரை அணுகுவதற்காகத் தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்து அவர் விலகி நிற்க வேண்டியதாயிற்று. அம்மக்களுக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற வேறு வகைக் குருமார் 1640 முதல் ஏற்பட்டனர். ஒரே கடவுளைப் பற்றிச் சொல்ல இரண்டு வகை ஆசிரியர்! 1623ஆம் ஆண்டு ஆணையை வெளியிட்ட போப்பாண்டவரே, குலப்பெருமை கொண்டோர் எளியோரை இழிவாக எண்ணலாகாது என்றும் அதே ஆணையில் அறிவுறுத்தியிருந்தார். முதற்பகுதியை எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்றனர். இரண்டாம் பகுதி ஏட்டிலேயே தங்கிவிட்டது. 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்கள் உரோமாபுரி சென்றபோது, இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் மீண்டும் அதையே சொல்ல நேர்ந்தது: சாதி வேற்றுமை திருச்சபைக்குள் இருத்தலாகாது, தலித் மக்கள்மேல் தனிக் கவனம் வேண்டும் என்றார். இடையே சென்ற ஆண்டுகள் 380. நம் சமவெளியில் தனிக் கல்லறைத் தோட்டங்களையும் தனிச் சுவர்களையும் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும், இது கத்தோலிக்கரை மட்டும் பற்றிய பேச்சென்று தோன்றாது.

இனித் தத்துவ போதகரின் பிற்காலத்தைப் பார்ப்போம். ஏனெனில் போப்பாண்டவர்கள் வந்த வழி அங்கே தொடங்குகிறது. முதுமையில் பார்வை மங்கிய அவரை மதுரையிலிருந்து மாற்றினர். 1640களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சில காலம் இருந்தார். பின்னர் மயிலாப்பூருக்கு வந்தார். அங்கே ஒரு குடிசையில், கீரையும் காயும் உண்டு, எழுத முடியாத நிலையில் பிறரை எழுதச் சொல்லி நூல் செய்துகொண்டிருந்தார். 1656 சனவரி 16ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அந்த மயிலாப்பூருக்குத்தான் 330 ஆண்டுக்குப் பின், 1986 பிப்ரவரி 5ஆம் நாள் இரண்டாம் ஜான் பால் வந்தார். பத்து நாள் இந்தியப் பயணத்தில் ஒரு நாள் சென்னைக்கு. தில்லியில் காந்தியடிகள் சமாதியில் வணங்கிவிட்டு, கல்கத்தாவில் சாகும் நிலையிலுள்ளோர் தங்கும் அன்னை தெரேசாவின் இல்லத்தில் நோயாளரைக் கையால் தொட்டு ஆறுதல் கூறிவிட்டு, ஷில்லாங் மலை வழியாகத் தென்திசை வந்தார். சென்னையில் அவர் நாடியவை பரங்கிமலையும் சாந்தோமும்.

பரங்கிமலை ஏறியவர்களுக்குத் தெரியும். அது பெரிய மலையன்று. படிகள் நூற்றைச் சற்றே தாண்டும். ஆர்மீனிய வணிகர் ஒருவர் தம் செலவில் கட்டிவைத்த படிகள் அவை. உச்சியில் போர்த்துக்கீசர் கட்டிய சிறு கோயில். அங்கே 1547இல் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை ஒன்று பலிபீடத்தின்மேல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து. இயேசுநாதரின் சீடராகிய தோமையார் கி.பி. 52இல் இந்நாட்டுக்கு வந்தார், 72இல் இம்மலையில் குத்துண்டு இறந்தார், மயிலாப்பூரில் அடக்கப்பட்டார் என்பது மரபு. மரபு முழுவதையும் வரலாற்றாசிரியர் ஒப்புவதில்லை. அவர்களுடைய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இக்கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசர் கப்பல் வருவதற்கு முன்பே, பறங்கி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, இந்தக் கடற்கரையில் சிலுவையைச் செதுக்கிய கை ஒன்று இருந்தது என்பதற்குப் பரங்கிமலைக் கல்லே சான்று. இந்தச் சமயம் பறங்கிக்கு மட்டும் உரியதன்று என்று தத்துவ போதகர் காவி உடுத்திக் காட்டினார். இந்தக் கல் அதையே தன் எழுத்தால் காட்டுகிறது. அந்த மலைக்கே பரங்கிமலை என்று பெயர் வைத்தோம் நாம்! ஊர்ப் பெயர்கள் சில வேளை இப்படி நம்மோடு விளையாடும்.

சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896இல் திருநிலைப்படுத்தப்பட்டது. வெண்ணிறக் கோபுரம் ஊசிபோல் கடற்காற்றில் நிற்கிறது. கீழறையில் இருக்கும் கல்லறை முன் போப்பாண்டவர் முழங்காலிட்டார். பேதுருவின் கல்லறைமேல் அமைந்த கோயிலிலிருந்து வந்த ஒருவர், பேதுருவின் தோழருடைய கல்லறையாக மரபு போற்றும் இடத்தில் வணங்கினார் என்பதே அந்தக் காட்சியின் பொருள். அதே நாளில் சென்னையில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து, ஒருவரோடு ஒருவர் உரையாடுவதால் மதிப்பும் அன்பும் வளரும் என்ற கருத்தை விரித்துப் பேசினார். 1964இல் பம்பாயில் தொடங்கியது 1986இல் சென்னையில் தொடர்ந்தது.

இப்பயணத்தில் அடுத்து அவர் கோவாவுக்குச் சென்று பிரான்சிசு சவேரியார் உடல் வைக்கப்பட்டிருக்கும் கோயிலை வணங்கினார். பிப்ரவரி 8இல் கேரளத்துக் கோட்டயத்தில் குரியாக்கோசு சாவறா அடிகளையும் அல்போன்சா அம்மையாரையும் முத்திப்பேறு பெற்றோர் என அறிவித்தார். இவற்றை விரிப்பின் நேரம் போதாது. சென்னைப் பயணத்தைப் பற்றி என் எண்ணம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது நினைவைப் போற்றிய பயணம். மிகப் பழைய கல்லை, மிகப் பழைய கல்லறையைத் தேடிச் சென்ற பயணம். அப்படிச் செய்தது தக்கதே. ஆயினும் அங்கே போப்பாண்டவர் வருகைக்காக ஏங்கி, வாழ்வா சாவா என்று நின்ற மக்கள் எவரும் இருந்திலர். அத்தகைய மக்கள் நின்ற இடம் மடு.

மடுவின் கதை ஓடிப்போனவர்களின் கதை. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரை விரட்டினர். வழிபாட்டைத் தடை செய்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் தங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். மருதமரம் சூழ்ந்த நீர்நிலையின் கரையில் குடிசை போட்டனர். மருதமடு என்ற பெயர் மடு என்று சுருங்கிற்று. அந்த மண்ணைக் கையிலெடுத்துச் சென்றால் பாம்பின் விடம் தீண்டாது என்ற நம்பிக்கை சிங்களரிடமும் தமிழரிடமும் ஒருங்கே பரவிற்று. காட்டில் வாழ்வோர்க்குப் பாம்பை விடப் பெரிய அச்சம் ஏது?

தடைக் காலத்திலேயே 1687இல் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கினார். கோவாவிற் பிறந்த சூசை வாசு அடிகள் அவர். வயிற்றுப்போக்கால் சாகக் கிடந்தார். தேறியபின் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறதோ, அங்கே தம் மக்கள் மறைந்திருக்கின்றனர் என்று அறிந்துகொண்டார். கண்டியில் ஒற்றன் என்று சிறை வைக்கப்பட்டார். பின்பு அரசனின் மதிப்பைப் பெற்றார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது, உற்றார் கைவிட்டு ஓடிய நோயாளரைத் தூக்கிவந்து பேணினார். 1711 சனவரி 16ஆம் நாள் இறந்தார். தத்துவ போதகர் இறந்ததும் இதே சனவரி 16 என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பிரபுவாய்ப் பிறந்து பிராமணத் துறவியாய் வாழ்ந்தவர். மற்றவர் கோவாவில் பிராமணக் குடும்பத்திற் பிறந்து கூலியாளாய் வேடம் பூண்டவர். இரண்டு வேடங்களில் எது எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை, இரண்டாவதுதான்.

வாசு அடிகளை 1995இல் இரண்டாம் ஜான் பால் கொழும்பு காலிமுகத் திடலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14ஆம் நாள் அதே திடலில் போப்பாண்டவர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். அறிவித்த அன்றே, தைப்பொங்கலுக்கு முந்திய அந்த நாளிலேயே, பிற்பகலில் எலிகாப்டரில் ஏறி மடுவுக்குச் சென்றார்.

ஏன் மடு? 1670இல் ஓடிவந்தவர்களின் காடு, 1990 முதல் மீண்டும் ஓடிவந்தவர்களால் நிறைந்தது. போருக்கு அஞ்சிய பல்லாயிரம் குடும்பங்கள் கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டு வாழ்ந்தன. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் அங்கே புகலிடம் நடத்திற்று. 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவு கோயில் வளாகத்திலேயே எறிகுண்டுகள் விழுந்தன. அடைக்கலம் புகுந்திருந்தோரில் நாற்பது பேர் அளவில் மாண்டனர். குண்டு யாருடையது என்பதில் படையும் புலிகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினர். 2008 ஏப்ரலில் போர் மீண்டும் கோயிலை நெருங்கியபோது, குருமார் மாதா சிலையை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். முன்னூறு ஆண்டுக்கு முன் மாந்தை மக்கள் சிலையைச் சுமந்து காட்டுக்குள் ஓடினர். இம்முறை சிலையே காட்டைவிட்டு வெளியே ஓடிற்று. அவ்வாண்டு ஆகத்து மாதம் அது திரும்பி வந்தது.

போர் 2009இல் முடிந்தது. மக்கள் கணக்கு முடியவில்லை. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 சனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின்முன் சென்று ஒரு கணக்குக் கேட்டார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர் எத்தனை பேர் என்று அரசாங்க அலுவலகங்களே காட்டிய தொகை ஒரு பக்கம். போர் முடிந்தபோது வெளியே வந்தவர் தொகை மறுபக்கம். இடையே 1,46,679 பேர் என்ன ஆயினர் என்று சொல்லுங்கள் என்றார். கூச்சலில்லை, வசைமொழியில்லை. பேரேட்டில் கழித்தல் கணக்கைப் போட்டு நீட்டிய கை அது. 2021 ஏப்ரலில் அவர் மறையும் வரை அந்தக் கணக்குக்கு விடை வரவில்லை.

அந்த ஆயரின் மறைமாவட்டத்துக்குள்தான் போப்பாண்டவர் பிரான்சிசு வந்தார். மகனைக் கொன்றோரையும் மன்னித்த மரியன்னையைச் சுட்டி, இங்கே நேர்ந்த தீமைக்கெல்லாம் பரிகாரம் செய்யவும், மன்னிக்கவும் ஆற்றல் வேண்டும் என்று வேண்டினார். மன்னிப்பு என்ற சொல்லோடு பரிகாரம் என்ற சொல்லும் வந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இழந்தவர்களிடம் மன்னிப்பை மட்டும் கேட்பது எளிது. பிறகு மாதா சிலையைக் கையில் உயர்த்திக் கூட்டத்தை ஆசீர்வதித்தார். சிங்களரும் தமிழரும் ஒன்றாக நின்ற கூட்டம் அது. 1924இல் அச்சிலைக்குப் போப்பாண்டவரின் பெயரால் முடிசூட்டினர். முடிசூட்டிய பதவியில் இருப்பவர் 91 ஆண்டு கழித்து நேரில் வந்தார். அடுத்த நாள் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டார். காணாமற்போன பிள்ளைகளின் படத்தை ஏந்திய தாய்மார் 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரத்தில் பந்தலிட்டு உட்கார்ந்தனர், ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. ஒரு பயணம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எவரும் நம்பியிருக்க மாட்டார். ஆயினும் இலங்கையில் அழகான கோயில்கள் எத்தனையோ இருக்க, குண்டு விழுந்த கோயிலுக்கு அவர் போனார். சென்னைப் பயணத்தை நினைவின் பயணம் என்றேன். இதைக் காயத்தின் பயணம் என்பேன்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். அந்தப் போரிலிருந்து தப்பிக் கடல் கடந்து வந்த மக்களுக்குச் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் முகாம்கள் அமைந்தன. 2021 முதல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று வழங்குகின்றன. தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூர் முகாம் எங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தொலைவுதான். அப்படி ஒரு முகாமில், மன்னாரிலிருந்து வந்த மூதாட்டியார் ஒருவரைச் சந்தித்தேன். இங்கு வருவதற்கு முன் மடுவில் சில மாதம் கொட்டில் போட்டு இருந்தவர். சுவரில் மாதா படம். அதன் கீழே மஞ்சள் துணியில் முடிந்த சிறு மண் பொட்டலம். மடு மண். படகில் வந்தபோது வேறெதையும் எடுத்துவர முடியவில்லையாம்.

போப்பாண்டவர் மடுவுக்குப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா, அம்மா, என்று கேட்டேன்.

“பாத்தனான் தம்பி. பக்கத்து வீட்டிலை எல்லாரும் கூடி இருந்துதான் பாத்தம். பாப்பரசர் மாதாவைத் தூக்கிக் காட்டேக்கை எல்லாரும் அழுதினம். என்ரை கண் மட்டும் கோயிலுக்குப் பின்னாலை போச்சுது. அங்கை ஒரு பாலை மரம் நிண்டது. அதுக்குக் கீழைதான் எங்கடை கொட்டில். அது நிக்குதோ எண்டு பாத்தன். அந்தப் பக்கம் படம் பிடிக்கேல்லை.”